கேம்பர் வண்டியில் கூடுதல் கேஸ் சிலிண்டர்: பெட்டி கட்டுவது முதல் பயணம் முடிந்து இறக்குவது வரை

பிக்அப்பின் பின்னால் கேம்பர் அறை கட்டுபவர்கள் கட்டில், அலமாரி, சிங்க் எல்லாம் அடித்து முடித்த பிறகுதான் கூடுதல் சிலிண்டரைப் பற்றி யோசிக்கிறார்கள். அதற்குள் மிஞ்சியிருப்பது கட்டிலுக்கு அடியில் உள்ள இடம் மட்டும்தான். சிலிண்டர் இருக்கவே கூடாத இடமும் அதுதான். ஆகவே பட்டறையில் முதல் ப்ளைவுட் அறுபடுவதற்கு முன்பே சிலிண்டரின் இடம் முடிவாகியிருக்க வேண்டும்.

எந்தச் சிலிண்டரும் ஒருநாள் கசியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிக் கசிந்தால் அந்த கேஸ் எங்கே போகும்? கீழே வரும் ஒவ்வொரு வேலையிலும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே செய்யுங்கள்.

1. எத்தனை சிலிண்டர் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

நம் ஊரில் சமையலுக்குக் கிடைப்பது தனி புரோபேன் அல்ல. புரோபேனும் பியூட்டேனும் கலந்த எல்பிஜி. ஒரு கிலோ எல்பிஜியில் ஏறத்தாழ 12.8 யூனிட் அளவுக்கு வெப்பம் இருக்கிறது. 2 கிலோவாட் பர்னரை முழுதாகத் திறந்து வைத்தால் ஒரு கிலோ ஆறு மணி நேரத்துக்கு மேல் எரியும்.

நான்கு பேருக்குக் காலையில் காபி, டிபன், மதியம் சோறு, குழம்பு, இரவு தோசை என்று முழுச் சமையல் செய்தாலும் பர்னர்கள் எரியும் மொத்த நேரம் மூன்று மணியைத் தாண்டுவது அரிது. 5 கிலோ சிலிண்டர் சுமார் பத்து நாள் தாங்கும். அதனால் ஓடுவது ஒன்று, உபரி ஒன்று என்பதே இரண்டு, மூன்று வாரப் பயணத்துக்குப் போதும். “இருக்கட்டுமே” என்று மூன்றாவதை ஏற்றாதீர்கள். பெட்டியில் இடமில்லாமல் உள்ளே வந்து சேர்வது அந்த மூன்றாவதுதான்.

கேஸ் சிலிண்டர் விதிகள் 2016-இன்படி உரிமம் இல்லாமல் மொத்தம் 100 கிலோ எல்பிஜி வரை வைத்திருக்கலாம். கேம்பர் அந்த அளவை நெருங்கவே நெருங்காது. எண்ணிக்கையைச் சட்டத்துக்குப் பயந்து குறைக்கச் சொல்லவில்லை, இடத்தையும் எடையையும் பார்த்துச் சொல்கிறோம்.

2. எந்தச் சிலிண்டர்

எண்ணெய் நிறுவனங்களின் 5 கிலோ எஃப்டிஎல் (வீட்டு இணைப்பு இல்லாமலே வாங்கக்கூடிய) சிலிண்டர்தான் இதற்குப் பொருத்தம். அடையாள அட்டையைக் காட்டினால் போதும், முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள். ஏஜென்சியிலும் பல பெட்ரோல் பங்க்குகளிலும் கிடைக்கும். தீர்ந்தால் வழியிலேயே மாற்றிக்கொள்ளலாம். வீட்டு இணைப்பின் 14.2 கிலோ சிலிண்டர் அந்த முகவரியில் சமைப்பதற்காகத் தரப்படுவது. அதை வண்டியில் ஏற்றாதீர்கள். இரும்பையும் சேர்த்தால் முப்பது கிலோவை ஒட்டி வரும் அதைக் கட்டுவதும் கடினம்.

ஃபைபர் கலந்த காம்போசிட் சிலிண்டர் துருப்பிடிக்காது, இரும்பை விட எடை மிகக் குறைவு, உள்ளே கேஸ் எவ்வளவு என்று வெளியிலிருந்தே தெரியும். ஈசிஆர் பக்கம் அடிக்கடி போகிறவர்களுக்கு உப்புக் காற்றை நினைத்தால் இது நல்ல தேர்வு. வாங்கும் முன் அதற்கான ரெகுலேட்டர் எது என்று அங்கேயே பொருத்திப் பாருங்கள். எல்லாச் சிலிண்டர் வால்வும் ஒரே அளவு அல்ல.

பாத்திரக் கடைகளில் விற்கும், மேலேயே பர்னர் வைத்த பெயரில்லாத சின்ன சிலிண்டர்கள் கண்டிப்பாக வேண்டாம். அவற்றை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். பெரிய சிலிண்டரைக் கவிழ்த்து, எடை பார்க்காமல், குழாய் வழியாக நிரப்பிக் கொடுப்பார்கள். பாட்டிலிங் ஆலையில் எடை பார்த்து, மேலே ஆவிக்கு இடம் விட்டு நிரப்புகிறார்கள். காரணம், எல்பிஜி திரவம் பத்து டிகிரி சூடேறினால் 2 முதல் 3 சதவீதம் விரியும். கழுத்து வரை நிரப்பிய சிலிண்டர் கத்திரி வெயிலில் நின்றால் விரியும் திரவத்துக்கு இடமில்லை. அழுத்தம் திடீரென்று எகிறி உடல் கிழியும்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துப் பெட்டி கட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் 20 பவுண்டு சிலிண்டரில் 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பாமல் தடுக்கும் வால்வு உண்டு. அதன் இணைப்பு வடிவமும் வேறு. அதற்கென்று விற்கும் ஹோஸ், இரட்டைச் சிலிண்டர் ரெகுலேட்டர், அடாப்டர் எதையும் வரவழைத்து இங்குள்ள வால்வில் பொருத்த முயலாதீர்கள்.

3. வாங்கும் இடத்திலேயே பார்க்க வேண்டியவை

மேல் வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உட்புறம் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். A என்றால் மார்ச், B ஜூன், C செப்டம்பர், D டிசம்பர். இலக்கம் ஆண்டு. C 27 என்றிருந்தால் 2027 செப்டம்பருக்குள் மறுசோதனைக்குப் போக வேண்டும். உபரி சிலிண்டர் மாதக்கணக்கில் தொடாமல் கிடக்கும் என்பதால் குறைந்தது ஓராண்டு மிச்சமுள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு பட்டையில் காலி எடை இருக்கும். தொங்கு தராசில் மாட்டி, காலி எடையோடு 5 கிலோ வருகிறதா என்று பாருங்கள். குறைந்தால் சண்டை போடலாம். கூடியிருந்தால் அந்தச் சிலிண்டரே வேண்டாம்.

சீலைப் பிரித்து, மூடியைத் திறந்து, வால்வுக்குள் உள்ள கருப்பு ரப்பர் வாஷரைப் பாருங்கள். அது இல்லாமலோ வெடித்தோ இருந்தால் ரெகுலேட்டரை மாட்டிய உடனே கசியும். பிறகு வால்வின் வாயில் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு அரை நிமிடம் பாருங்கள். குமிழி வந்தால் திருப்பிக் கொடுங்கள். அடி வளையத்தில் துரு செதில் செதிலாக வந்தாலும் வாங்காதீர்கள். தண்ணீர் தேங்குவதும் முதலில் அரிப்பதும் அங்கேதான்.

4. வண்டியில் இடம் தேர்வு

இந்தப் படியில் அவசரப்பட்டால் அடுத்து வரும் எல்லா வேலையும் வீண்.

எல்பிஜி ஆவி காற்றை விட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும் நிலை. ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் ஆவியாகும். கேம்பர் அறைக்குள் கட்டிலடியில் மெல்லக் கசியும் சிலிண்டர் இரவு முழுவதும் தரையை நிரப்பும். விடியற்காலையில் யாரோ விளக்கைப் போடுவார்கள். தீப்பொறிக்குப் பிரிட்ஜுக்குள் இருக்கும் ரிலே சுவிட்சே போதும்.

2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். ஆட்கள் தூங்கும் மூடிய இடத்துக்குள் சிலிண்டர் இருந்தால் தப்பிக்க நேரம் கிடைக்காது.

கூரை மேல் வேண்டாம். வெயில் நேராக விழும், எடை மேலே ஏறி வளைவில் வண்டி சாயும், மரக்கிளையும் இடிக்கும். பின் பம்பரிலோ பின் கதவிலோ தொங்கவிட வேண்டாம். பின்னால் வந்து இடிக்கும் லாரி முதலில் தொடுவது அதைத்தான். பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்று விதியே சொல்கிறது. முன் கேபினில் டிரைவர் சீட்டுக்குப் பின்னாலும் வேண்டாம். நிறுத்திய வண்டியின் கேபின் மே மாதத்தில் 60 டிகிரியைத் தாண்டும்.

சரியான இடம், பின் சக்கரத்துக்கு முன்பாக, வண்டியின் பக்கவாட்டுக் கோட்டுக்குள் அடங்கி, வெளியிலிருந்து மட்டும் திறக்கும் பெட்டி. சைலன்சர் எந்தப் பக்கம் வெளியே வருகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம். பேட்டரி, இன்வெர்ட்டர், டீசல் டேங்க் மூடி ஆகியவற்றிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும். வீதியோரம் நிறுத்தும்போது நடைபாதைப் பக்கம் திறக்கும்படி இடப்புறம் அமைந்தால் இன்னும் நல்லது. சிலிண்டர் மாற்றும்போது போக்குவரத்தில் நிற்க வேண்டியிராது.

பாடியில் நிரந்தர மாற்றம் செய்வதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு பொருந்தும். ஆர்டிஓவில் முதலில் பேசி, அனுமதி பெற்ற பிறகு வெல்டிங்குக்குப் போங்கள்; வேலை முடிந்ததும் ஆர்சி, இன்ஷூரன்ஸ் இரண்டிலும் மாற்றத்தைப் பதிவு செய்யுங்கள்.

5. பெட்டி கட்டுவது

பெட்டிக்கும் ஆட்கள் இருக்கும் அறைக்கும் நடுவே உள்ள சுவரில் ஒரு துளைகூட இருக்கக் கூடாது. அடுப்புக்குப் போகும் செம்புக் குழாய் நுழையும் ஒரே இடத்தை ரப்பர் கிராமெட் (துளைக்குள் உட்காரும் வளையம்) வைத்து, சிலிக்கான் பூசி அடைக்க வேண்டும். சுவர் மூலைகளுக்கும் சிலிக்கான். உள்ளே டார்ச் வைத்து, இரவில் அறைக்குள்ளிருந்து பாருங்கள். வெளிச்சம் தெரியும் இடத்தில் கேஸும் வரும்.

அடித்தளத்தில் வெளிக்காற்றுக்குத் திறந்த துளை கட்டாயம். பெட்டியின் தரைப் பரப்பில் 2 சதவீதம், ஆனால் எந்த நிலையிலும் 100 சதுர செ.மீ.க்குக் குறையக் கூடாது. 40 செ.மீ.க்கு 70 செ.மீ. பெட்டியின் தரை 2,800 சதுர செ.மீ. அதில் 2 சதவீதம் 56தான். ஆகவே 100 எடுத்துக்கொள்ள வேண்டும். 10 செ.மீ. விட்டமுள்ள இரண்டு துளைகள் போட்டால் சுமார் 157 கிடைக்கும்.

இந்த இடத்தில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. முதலாவது, எலிக்கும் கொசுவுக்கும் பயந்து நெருக்கமான வலை அடிப்பது. கம்பி பாதிப் பரப்பைத் தின்றுவிடும், சேறு மீதியை அடைத்துவிடும். வலை போட்டே தீர வேண்டுமென்றால் பெரிய கண்ணுள்ளதாகப் போட்டு, துளையின் பரப்பை இரட்டிப்பாக்குங்கள். இரண்டாவது, துளையைப் பக்கச் சுவரில் மூன்று விரல் உயரத்தில் வைப்பது. அந்த மூன்று விரல் ஆழத்துக்குக் கேஸ் நின்றுகொண்டே இருக்கும். துளை தரையிலேயே, தரையின் மிகத் தாழ்ந்த மூலையில் இருக்க வேண்டும். தரைக்கே சற்றுச் சரிவு கொடுத்தால் மழைநீரும் வடியும்.

பெட்டிக்குள் விளக்கு, சுவிட்ச், ஒயர், ஜாக்கி, ஸ்பேனர், டீசல் கேன் எதுவும் வரக் கூடாது. உள்பக்கம் கூர்மையான ஆங்கிள் முனையோ போல்ட் நுனியோ சிலிண்டரைத் தொடாதபடி பாருங்கள். வெளிப்புறம் வெள்ளை அடியுங்கள். வெயிலில் கருப்புப் பெட்டியை விடச் சூடு குறையும். கதவுக்குப் பூட்டு வேண்டும், ஆனால் சாவி வண்டிச் சாவியோடேயே தொங்கட்டும்.

6. சிலிண்டரைக் கட்டுவது

சிலிண்டர் எப்போதும் நின்ற நிலையில்தான். படுத்தால் வால்வுக்கு ஆவிக்குப் பதில் திரவம் வரும். அது ரெகுலேட்டர் வழியாக அடுப்புக்குப் போனால் ஜ்வாலை ஆளுயரம் எழும். ரெகுலேட்டர் மாட்டாத உபரிக்கும் இதே விதிதான். கசிந்தால் ஆவியாகக் கசிவதை விடத் திரவமாகக் கசிவது பல மடங்கு மோசம்.

அடி வளையம் உட்காரும்படி தரையில் இரும்புப் பட்டையால் வட்டம் ஒன்று வெல்டிங் செய்து, உள்ளே ரப்பர் ஒட்டுங்கள். அடி நகராமல் இது பிடிக்கும். அதன் பிறகு சிலிண்டரின் உடலில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் ஒன்று, மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் ஒன்று என இரண்டு ராட்செட் பெல்ட். ஒரே பெல்ட் போட்டால் அதைச் சுற்றியே சிலிண்டர் ஆடும்.

பெல்ட்டின் முனை ப்ளைவுட்டில் ஸ்க்ரூ போட்டு மாட்டப்பட்டிருந்தால் பயனில்லை. சேஸிஸோடு சேர்ந்த ஆங்கிளில், 8 மி.மீ. போல்ட், அகலமான வாஷர், நைலாக் நட் (அதிர்வில் கழலாத நட்) போட்டு முறுக்குங்கள். கடும் பிரேக்கில் சிலிண்டர் தன் எடையில் முக்கால் பங்குக்கும் மேலான விசையோடு முன்னால் தள்ளும். மோதலில் அது பல மடங்காகும். மேல் வளையத்தில் கயிறு கட்டி இழுத்து நிறுத்துவது வேண்டவே வேண்டாம். வால்வைக் காப்பதுதான் அந்த வளையத்தின் வேலை, அது வளைந்தால் அடுத்த அடி வால்வுக்கே விழும். எலாஸ்டிக் கயிறும் கூடாது, அது நீளும்.

இரண்டு சிலிண்டர்கள் ஒன்றோடொன்று உரசாதபடி நடுவில் ரப்பர் பலகை. வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் அரை நாள் உரசினாலே பெயின்ட் போய் இரும்பு தெரியும்.

7. ரெகுலேட்டர், ட்யூப், அலாரம்

ஒரு நேரத்தில் ஒரு சிலிண்டர் மட்டுமே இணைப்பில் இருக்கட்டும். உபரியின் வால்வில் மூடி பூட்டியே இருக்க வேண்டும். அது அழகுக்கு வைத்த மூடியல்ல; வால்வுக்குள் உள்ள ஊசி கசிந்தாலும் தடுத்து நிறுத்துவது அதுதான். அதை நைலான் கயிற்றோடு சிலிண்டரிலேயே விட்டுவையுங்கள். கயிற்றை அறுத்து மூடியை டிராயரில் போட்டு வைப்பது புதியவர்களின் வழக்கம்.

பெட்டிக்குள் கம்பி வலையுள்ள சுரக்ஷா ட்யூப், ஐஎஸ்ஐ முத்திரையோடு. நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். அதில் அச்சிட்ட தேதியிலிருந்து ஐந்தாண்டில் மாற்ற வேண்டும். ஓடும் வண்டியின் அதிர்வுக்கு அதற்கு முன்பே மாற்றினாலும் நல்லதுதான். அறைக்குள் ரப்பர் ட்யூபை இழுக்காதீர்கள், அங்கே செம்புக் குழாயும் அடுப்புக்கு அருகில் ஒரு மூடும் வால்வும் போதும்.

கேஸ் அலாரம் அறைக்குள், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பொருத்துங்கள். கூரையில் வைத்தால் அது கத்தும் முன் நீங்கள் மூழ்கியிருப்பீர்கள். 2 கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பான் கதவருகே இருக்கட்டும், அடுப்புக்கு மேலே மாட்டினால் தீயைத் தாண்டிக் கை நீட்ட வேண்டியிருக்கும்.

8. புறப்படும் முன்

வரிசை முக்கியம். முதலில் ரெகுலேட்டரை ஆஃப் செய்து, பர்னரை எரியவிட்டு, குழாயில் மிஞ்சிய கேஸ் தீரட்டும். அது தானாக அணைந்ததும் அடுப்புத் திருகைகளை மூடுங்கள். பிறகு ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் பூட்டுங்கள். அடுப்பை முதலில் மூடினால் குழாய் முழுக்க கேஸ் நிரம்பியபடி வண்டி குலுங்கும்.

அடுத்து இரண்டு பெல்ட்டையும் கையால் இழுத்துப் பாருங்கள், தரைத் துளைகளுக்குள் விரலை விட்டுச் சேறு இருக்கிறதா பாருங்கள், பெட்டியைப் பூட்டுங்கள். வண்டி ஓடும்போது அடுப்போ கேஸ் பிரிட்ஜோ எரியக் கூடாது.

9. வழியில்

புதிதாகக் கட்டிய பெல்ட் முதல் ஒரு மணி நேரத்தில் தளரும். சென்னையிலிருந்து கிளம்பினால், பெங்களூரு சாலை என்றால் ஸ்ரீபெரும்புதூர், திருச்சி சாலை என்றால் செங்கல்பட்டு, ஈசிஆர் என்றால் மாமல்லபுரம். அங்கே நிறுத்தி ஒருமுறை இறுக்குங்கள். பிறகு ஒவ்வொரு டீ நிறுத்தத்திலும் ஒரு கை வைத்துப் பார்த்தால் போதும்.

மாலுக்கோ ஹோட்டலுக்கோ அடித்தளப் பார்க்கிங்கில் இறக்காதீர்கள். கசிந்த கேஸுக்கு அங்கே வெளியேற வழியே இல்லை. பெட்ரோல் பங்க்கில் சமையலும் வேண்டாம், பெட்டியைத் திறப்பதும் வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழையில் சுரங்கப்பாதை நீரில் இறங்கினால் தரைத் துளை வழியாகத் தண்ணீர் பெட்டிக்குள் ஏறும். காலி சிலிண்டர் மிதந்து முட்டும். அதனால் காலியானதையும் நிறைந்ததைப் போலவே மூடி போட்டு, இரண்டு பெல்ட் போட்டுக் கட்டுங்கள். காலி என்று நாம் சொல்வதற்குள்ளும் ஆவி மிச்சமிருக்கும்.

ஊட்டி, கொடைக்கானலில் டிசம்பர் காலையில் ஜ்வாலை சிறுத்துப்போகும். குளிரில் பியூட்டேன் மெதுவாகத்தான் ஆவியாகும். வெந்நீரை ஊற்றுவதும், சிலிண்டரைச் சாய்த்து ஆட்டுவதும், அறைக்குள் கொண்டுவந்து வைப்பதும் அப்போதுதான் நடக்கின்றன. மூன்றும் ஆபத்து. வெயில் ஏறும் வரை பொறுங்கள், அல்லது ஒரே பர்னரில் சமையுங்கள்.

10. சிலிண்டரை மாற்றும்போது

வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, அறைக் கதவு ஜன்னல்களை மூடிவிட்டு மாற்றுங்கள். ஜன்னலைத் திறக்கத் தோன்றும். ஆனால் வேலை வெளியே நடக்கிறது, வெளியே போகும் கேஸ் உள்ளே நுழையக் கூடாது. சுற்றி பீடி, சிகரெட், சாம்பிராணி எதுவும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பழையதில் மூடியைப் பூட்டிய பிறகே புதியதன் மூடியைத் திறங்கள். வாஷரைப் பாருங்கள். ரெகுலேட்டர் ‘க்ளிக்’ என்று உட்கார்ந்ததும் மேலே தூக்கி இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. ஆன் செய்து, வால்வு, ட்யூபின் இரு முனை, செம்புக் குழாய் இணைப்பு எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர். தீக்குச்சி கொளுத்திக் கசிவு தேடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பக்கத்தில் அப்படி யாராவது வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

11. கசிவு வாடை வந்தால்

எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். போட்டிருப்பதை அணைக்கவும் வேண்டாம், அணைந்திருப்பதைப் போடவும் வேண்டாம். ஓடும் வண்டி என்றால் ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்தி, எல்லோரும் இறங்கிக் காற்றடிக்கும் திசைக்கு எதிராக நடந்து விலகுங்கள். போன் அங்கே போனபிறகுதான்.

கசிவு லேசானது, தீ இல்லை என்றால் ரெகுலேட்டரைக் கழற்றி மூடியைப் போடுவதே தீர்வு. பெரும்பாலும் அதோடு நிற்கும். நிற்காவிட்டால் சிலிண்டரை நிமிர்ந்த நிலையிலேயே திறந்த வெளியில், சாக்கடைக்கும் பள்ளத்துக்கும் தள்ளி வைத்துவிட்டு 1906-க்கு அழையுங்கள். அது எல்பிஜி கசிவுக்கான 24 மணி நேர எண்.

தீப்பிடித்துவிட்டால் 101 அல்லது 112. கேஸை மூட முடியாத நிலையில் ஜ்வாலையை மட்டும் அணைக்க முயலாதீர்கள். எரியாமல் வெளியேறும் கேஸ் சேர்ந்து, பிறகு ஒரே நேரத்தில் பற்றும்.

12. வீடு திரும்பியதும்

சிலிண்டரை வண்டியிலேயே விட்டு, அடுக்குமாடியின் தூண் பார்க்கிங்கில் மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள். இறக்கி, மூடியோடு, நிமிர்த்தி, காற்றோட்டமான தரைமட்ட இடத்தில் வையுங்கள். ஏசி வெளி யூனிட், மோட்டார், மீட்டர் பெட்டி ஆகியவற்றின் அருகில் வேண்டாம். பைக்கில் வைத்து ஏஜென்சிக்குக் கொண்டுபோகாதீர்கள். இருசக்கர வாகனத்தில் சிலிண்டர் ஏற்றுவதை விதிகள் தடை செய்கின்றன.

பெட்டியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், குறிப்பாகக் கடற்கரைப் பயணத்துக்குப் பிறகு. பெல்ட்டின் தையலைப் பாருங்கள், நூல் பிரிந்திருந்தால் அடுத்த பயணத்துக்கு முன் புதிது வாங்குங்கள். ராட்செட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கதவைத் திறந்து காயவிடுங்கள்.